அந்தப் புத்தி யார் கொடுத்தது?

கேள்வி: ஐயா, யாங்கோன் திங்காஞ்சூனில் இருக்கிறேன். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மகனுக்கு 22 வயது. எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிற பெரியவர், மலேசியாவில் வேலை வாங்கித் தருகிற ஒருவரைக் கூட்டி வந்தார். 60 லட்சம் கியாட் கேட்டார்கள். "கர்த்தர் இந்த வாசலைத் திறந்துவிட்டதாக எனக்கு வெளிப்படுத்தினார், சுயபுத்தியில் சாயாதீர்கள் அம்மா" என்றார் பெரியவர். நகையை விற்கவும் தயாராகிவிட்டேன். பக்கத்து வீட்டில் மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) விற்கிற பர்மியப் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எந்தக் கம்பெனி என்று காகிதத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் எதை நம்பிக் காசு கொடுக்கிறாய்?" என்று கேட்டார். மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தேன். ஒரு வசனமும் வரவில்லை, சொப்பனமும் வரவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. காகிதம் கேட்டேன், கொடுக்கவில்லை. பணம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தேவ ஞானத்தைத் தள்ளி மனுஷ ஞானத்தைப் பிடித்தேன் என்று குழுவில் பேசுகிறார்கள். மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு வந்த அந்தப் புத்தி கர்த்தரிடமிருந்து வந்ததா, என் மண்டையிலிருந்து வந்ததா, பயாவை (புத்தரை) கும்பிடுகிற அந்த அம்மாவிடமிருந்து வந்ததா? நான் விசுவாசம் இல்லாதவளா?

பதில்:

அன்புச் சகோதரி,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். கொடுக்காமல் விட்டது சரி. வேலை கொடுக்கிற கம்பெனியின் பெயரோ ஒப்பந்தமோ கையில் இல்லாமல் 60 லட்சம் கொடுப்பது யாருக்கும் நல்லதல்ல, விதவைத் தாய்க்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆள் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. நாளைக்கே காகிதம், கம்பெனி முகவரி, முகவரின் அரசாங்க உரிமம் எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டினால் மறுபடி யோசிக்கலாம். நகை பெட்டியில் இருக்கும்வரை அந்த வழியும் இருக்கிறது.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்வி என்னை ஒரு வாரம் விடவில்லை. கர்த்தரா, என் மண்டையா, பக்கத்து வீட்டு அம்மாவா என்று மூன்று பேரை வரிசையில் நிறுத்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். வேதம் இவர்களை இப்படித் தனித்தனியாக நிறுத்துவதில்லை.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கடலைக் கடந்தாயிற்று, மன்னாவும் சாப்பிட்டாயிற்று. மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மாமனார் எத்திரோ பார்க்க வருகிறார். அவர் இஸ்ரவேலர் அல்ல, மீதியான் தேசத்து ஆசாரியர். ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். இப்படிப் போனால் நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வையும், பெரிய வழக்கு மட்டும் உம்மிடம் வரட்டும் என்கிறார். இதில் வெளிப்படுத்தல் எதுவும் இல்லை. குடும்பம் நடத்தி, ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துப் பழகிய ஒரு பெரியவரின் புத்தி, அவ்வளவுதான். தேவனோடு நேருக்கு நேர் பேசின மோசே அதைக் கேட்டு அப்படியே செய்தார். "நீர் மீதியான்காரர், உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்கவில்லை. மூன்று நாள் உபவாசமும் இருக்கவில்லை. எத்திரோவும் தன் யோசனையைக் கர்த்தருடைய வார்த்தையாக ஆக்கிக்கொள்ளவில்லை. தேவன் உமக்கு இப்படி உத்தரவு கொடுத்தால் செய்யும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார். அந்த அடக்கத்தை உங்கள் குழுப் பெரியவரின் பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இதற்குமேல் எழுதவில்லை.

நான் அதிகம் திரும்பிப் போகிற பகுதி இன்னொன்று உண்டு. பிரசங்கத்தில் யாரும் எடுப்பதில்லை என்பதால் உங்களுக்குப் பழக்கம் இருக்காது. ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்கள். ஓர் உழவனைப் பற்றி. அவன் வருஷம் முழுக்க உழுதுகொண்டே இருப்பானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். நிலத்தை நிரவின பிறகு உளுந்தைத் தெளிக்கிறான், சீரகத்தை விதைக்கிறான், கோதுமையை அதற்குரிய இடத்தில் போடுகிறான். அறுவடை முடிந்ததும் உளுந்தைக் கோலால்தான் தட்டுகிறான், சீரகத்தின்மேல் வண்டி உருளையை ஏற்றுவதில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உளுந்து என்றே இருக்கிறது. எபிரெயத்தில் இருப்பது கருஞ்சீரகத்தைக் குறிக்கும் என்கிறார்கள். இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக உளுந்து அனுப்புகிற நாட்டில் உட்கார்ந்து வாசிப்பதால், எனக்கு அந்தப் பழைய சொல்லை விட மனசில்லை. சரி, விஷயம் அதுவல்ல. உளுந்தை எப்படித் தட்டுவது என்று அந்த உழவனுக்குச் சொன்னது யார்? அவன் அப்பா. அவருக்கு அவருடைய அப்பா. யாரும் சொப்பனம் கண்டு கற்கவில்லை. பத்து வருஷம் கெடுத்து, பதினோராவது வருஷம் கற்றுக்கொண்டது. ஆனால் ஏசாயா கூசாமல் எழுதுகிறார்: அவனுடைய தேவன் அவனைப் போதித்து உணர்த்துகிறார். கடைசியில் இன்னும் அழுத்தி, "இதுவும் சேனைகளின் கர்த்தராலே உண்டாகிறது" என்கிறார்.

அந்த "இதுவும்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தரிசனமும் தீர்க்கதரிசனமும் கர்த்தரிடமிருந்து வருகின்றன, உளுந்து தட்டுகிற பக்குவமும் அவரிடமிருந்தே வருகிறது. உங்கள் தாத்தாவோ அவருடைய அப்பாவோ ஐராவதி டெல்டாவில் நெல்வயலில் வேலைக்கு வந்தவராக இருக்கலாம், நம்மில் நிறையப் பேருக்கு அதுதான் கதை. தண்ணீர் எப்போது வடியும், நாற்றை எப்போது பிடுங்கலாம் என்று சேற்றில் நின்றே கற்றுக்கொண்டவர்கள். கோயிலுக்குப் போனவர், சர்ச்சுக்குப் போனவர், ஒன்றுக்கும் போகாதவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த அறிவுக்கும் ஊற்று ஒன்றே என்று ஏசாயா சொல்கிறார். மொஹிங்கா அம்மாவும் எத்தனையோ வருஷம் தெருவில் கடை போட்டு, கடன் சொன்னவன், கள்ள நோட்டு நீட்டினவன், "நாளைக்குத் தருகிறேன்" என்று காணாமல் போனவன் எல்லாரையும் பார்த்துக் கற்ற அறிவிலிருந்துதான் "காகிதம் இருக்கிறதா" என்று கேட்டிருப்பார்.

"பயாவைக் கும்பிடுகிற அம்மா" என்று நீங்கள் எழுதியிருந்ததில் ஒரு தயக்கம் தெரிந்தது. அதற்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்க 1819 ஆனது. அந்த வருஷம் அவர் செய்த காரியம், வழியோரத்தில் ஒரு சயாத் கட்டி அதில் உட்கார்ந்ததுதான். நம் சத்திரம் மாதிரி, வழிப்போக்கர் தங்கிப் பேசிப் போகிற மண்டபம். அமெரிக்காவிலிருந்து யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, அது இந்த மண்ணின் பழக்கம். வேதத்தை மொழிபெயர்க்க பாலி மொழியும் படித்தார். 1834ல் முழு வேதத்தையும் முடித்தார். தேவனுக்கு அவர் எடுத்த சொல் எது தெரியுமா? பயா. பகோடாவுக்கும் புத்தருக்கும் இங்கே வழங்குகிற அதே சொல். கர்த்தர் என்று நாம் சொல்லும் இடத்தில் "தாவர பயா" என்று வைத்தார், என்றென்றும் நிலைத்திருக்கிற பயா. (தாவரம் என்றால் நமக்குச் செடிகொடி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ஸ்தாவரம், அசையாமல் நிற்பது.) ஞானத்துக்கு அந்த வேதத்தில் வருகிற "பின்ஞா"வும் பாலியிலிருந்து பர்மிய மொழிக்கு வந்தது. புத்த பிக்குகள் பல நூற்றாண்டு புழங்கிய சொல், இன்றைக்கு உங்கள் மகன் படித்த பள்ளிப் படிப்புக்கும் அதே சொல்தான்.

தமிழிலும் இதே கதைதான். நாம் "ஞானஸ்நானம்" என்கிறோம், "ஞானப்பாட்டு" என்கிறோம். ஞானம் என்ற சொல்லை நமக்குத் தந்தது யார்? தரங்கம்பாடியில் 1714ல் சுவிசேஷங்கள் தமிழில் அச்சாவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சைவரும் சமணரும் அதைப் பாடியும் வாதித்தும் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். அதை எடுத்து இயேசுவின் பெயரோடு சேர்த்து வைத்ததில் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. சொல்லை வாங்கலாம், புத்திமதியை மட்டும் வாங்கக் கூடாது என்றால் எப்படி?

நீதிமொழிகள் புத்தகமே அப்படி வாங்கியிருக்கிறது. எகிப்தில் அமெனெமோபே என்பவர் பேரில் ஒரு பழைய புத்திமதி நூல் உண்டு. அது 1923ல் அச்சில் வந்தபோது, நீதிமொழிகள் 22:17 முதல் தொடங்குகிற பகுதிக்கும் அதற்கும் இருந்த ஒற்றுமையைப் பார்த்து வேத அறிஞர்கள் அசந்துபோனார்கள். இஸ்ரவேலர் அந்த நூலை அறிந்து எடுத்தாண்டார்கள் என்பதே இன்று பெரும்பாலானோர் கருத்து. "ஏழையாயிருக்கிறான் என்று ஏழையைக் கொள்ளையிடாதே" என்கிற வசனத்துக்கும் அதில் இணை இருக்கிறது. இதைக் கேட்டால் சிலருக்கு விசுவாசம் ஆடும். எனக்கு இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஆடியது. பிறகு யோசித்தேன்: எகிப்தில் ஒருவன் ஏழையைக் கொள்ளையடிக்கக் கூடாது என்று எழுதினான் என்றால், அந்த எண்ணத்தை அவன் நெஞ்சில் வைத்தது யார்? பிசாசா? உண்மையை யார் சொன்னாலும் அது பரிசுத்த ஆவியிடமிருந்து வருவது என்று 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் எழுதினார். கத்தோலிக்கர் பேச்சு நமக்கு எதற்கு என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினும் ஏறக்குறைய அதையே சொல்லியிருக்கிறார் என்று சொல்லுங்கள். சத்தியத்துக்கு ஊற்று தேவ ஆவி என்றால், அது எங்கே தெரிந்தாலும் தள்ளக் கூடாது, தள்ளினால் ஆவியானவரையே அவமதிக்கிறோம் என்பது அவர் வாதம்.

இங்கே நம்மவர் உடனே "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளை எடுப்பார்கள். எனக்கு அதைவிட இரண்டாவது குறள்தான் நெருக்கம். "கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன் நற்றாள் தொழாஅர் எனின்." தூய அறிவே வடிவான ஒருவனின் தாளைத் தொழாவிட்டால் படித்து என்ன பயன்? இதன் பக்கத்தில் "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்பதை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வள்ளுவர் எந்தக் கடவுளைச் சொன்னார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் மனுஷ அறிவு தன்னையே பார்த்துக் கைதட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, அதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு இரண்டிலும் இருக்கிறது. கர்த்தருக்குப் பயப்படுதல் என்றால் எனக்குப் புரிந்த அளவில் அதுதான், நான் கடவுள் இல்லை என்று எந்நேரமும் நினைவில் வைத்திருப்பது. நீங்கள் நினைவில் வைத்திருந்தீர்கள். அதனால்தான் பக்கத்து வீட்டில் கேட்டீர்கள், ஜெபித்தீர்கள், காகிதமும் கேட்டீர்கள்.

அப்படியானால் "உன் சுயபுத்தியின்மேல் சாயாதே" என்ற நீதிமொழிகள் 3:5? அது உங்கள் தலையில் கல்லாக விழுந்திருக்கிறது, தெரிகிறது. சாய்வது வேறு, பயன்படுத்துவது வேறு. முழு பாரத்தையும் உங்கள் மூளைமேல் போட்டு நிற்காதீர்கள் என்கிறது வசனம், மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லவில்லை. அதே புத்தகம் 14ஆம் அதிகாரத்தில் "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்" என்கிறது. 3:5ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் 14:15ஐச் சொல்லிக் கேட்டதுண்டா? சுயபுத்தி என்பது உங்கள் புத்தியை மட்டும் குறிப்பதில்லை. பெரியவருக்கும் ஒரு சுயபுத்தி இருக்கிறது. "எனக்கு வெளிப்படுத்தினார்" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டதால் அது மாறிவிடாது. இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. பல வருஷம் முன்பு ஒரு சபைக் கூட்டத்தில் "இது தேவ சித்தம்" என்று அடித்துச் சொன்னேன். அது என் ஆசை. மூன்று குடும்பம் அதனால் கஷ்டப்பட்டது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை வாயில் எடுக்கும்போது நாக்கு கொஞ்சம் கூசும்.

பவுல் கொரிந்தியருக்கு மனுஷ ஞானத்தைப் பைத்தியம் என்று எழுதினாரே என்று கேட்பார்கள். ஆமாம், எழுதினார். அந்தச் சபையில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பேச்சாளர்களை வைத்துக் கட்சி கட்டிக்கொண்டு பெருமை பேசினார்கள். அந்தப் பெருமைக்குத்தான் அந்த அடி. கம்பெனிப் பெயரைக் கேட்ட தாய்க்கு அல்ல. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் அதே பவுல்தான் எழுதுகிறார்.

எதை வைத்துச் சோதிப்பது? யாக்கோபு 3:17ஐப் பாருங்கள். பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதம் இல்லாதது, மாயமற்றது. எந்த வாயிலிருந்து வந்தது என்ற கேள்வியே அந்தப் பட்டியலில் இல்லை. இதில் "இணக்கம்" என்று நாம் வாசிக்கிற இடத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு, எடுத்துச் சொன்னால் கேட்கிற குணம் என்று பொருள். நியாயமான கேள்வி கேட்டால் கோபப்படாத குணம். இனி நீங்களே பாருங்கள். "காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டதற்கு யாருக்குக் கோபம் வந்தது? உங்களை அவசரப்படுத்தியது யார்? உங்கள் நகைமேல் இரக்கம் இருந்தது யாருக்கு? பக்கத்து வீட்டு அம்மா சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாளைக்கு அவரே மகனுக்கு ஜாதகம் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டால், அதையும் இதே தராசில் வைத்து நிறுங்கள்.

மூன்று நாள் ஜெபித்தும் ஒன்றும் வரவில்லை என்றீர்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு எழுதுகிறார். எப்படிக் கொடுப்பார் என்று அவர் எழுதவில்லை. சாலொமோன் கிபியோனில் கேட்டதை நம் வேதத்தில் ஞானமுள்ள இருதயம் என்று வாசிக்கிறோம், எபிரெயத்தில் அது "கேட்கிற இருதயம்". காது உள்ள இருதயம். அந்த மூன்று நாளும் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முந்தின வரியில் வசனமும் சொப்பனமும் வரவில்லை என்கிறீர்கள். அது கர்த்தர் கொடுத்த பதில்தான் என்று நான் முத்திரை குத்த மாட்டேன், மேலே சொன்னேனே, நாக்கு கூசும் என்று. ஆனால் ஒன்றும் வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது மகன். இதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை, இதில் என்னிடம் வசனம் குறைவு. 22 வயதுப் பையனுக்கு இந்த ஊரில் இன்றைக்கு வெளியே போகிற வழி ஒன்று தெரிந்து, அதை அம்மா மூடினால் கோபம் வரத்தான் செய்யும். அவனிடம் "கர்த்தர் வேண்டாம் என்றார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர் உங்களிடம் செய்ததை நீங்கள் அவனிடம் செய்வதாகிவிடும். உள்ளதைச் சொல்லுங்கள். எனக்குப் பயமாக இருந்தது, காகிதம் கேட்டேன், கொடுக்கவில்லை, உன் அப்பா இருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்று சொல்லுங்கள். அப்புறம் அவனையே வேலைக்கு இறக்குங்கள். உரிமம் உள்ள முகவர்கள் யார், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அடையாள அட்டை எடுக்க என்ன வேண்டும், ஏற்கெனவே மலேசியா போன நம் பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவன் விசாரித்து வந்து உங்களுக்குச் சொல்லட்டும். போக வேண்டாம் என்பது உங்கள் முடிவல்ல, கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான். அந்த வித்தியாசம் அவனுக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

பெரியவரிடம் ஒருமுறை தனியாகப் பேசுங்கள், குழுவுக்கு முன்னால் வேண்டாம். அவருக்கும் யாராவது ஆசை காட்டியிருக்கலாம். பேசிய பிறகும் உங்களை அவிசுவாசி என்று சொல்லிக்கொண்டிருந்தால், உங்கள் சபைப் போதகரிடம் சொல்லிவிட்டு வேறு குழுவில் ஜெபியுங்கள். ஊரில் ஜெபக்குழுவுக்குப் பஞ்சம் இல்லை.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்று சொன்னதும் அந்த அம்மா, "உங்கள் பயா இதைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டாராம், உங்களுக்குப் பதில் தெரியவில்லையாம். மூன்று நாள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீங்கள் சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்ப வந்தது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ நினைத்துக்கொள்ளட்டும். ஏழு மணிக்குமேல் கடையில் கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன்னால் போங்கள்.